சுவர் கறுத்திருக்கிறது, ஆனால் பெயிண்டுக்கு இது மாதமில்லை

கேள்வி: குலசேகரம் பக்கம் மலைச்சரிவில் எங்கள் வீடு. 2014-இல் கட்டிய தார்சு வீடு. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். நான், மாமியார், ஏழு வயது மகள் மூன்று பேர் இருக்கிறோம். மூன்று வருடமாக மழைக்காலம் வந்தால் வீடு முழுக்கப் பூஞ்சைதான். பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உதிர்கிறது. முன்னறைக் கூரை மூலையில் பழுப்புக் கறை. ஏ.சி. வைத்த அறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். பட்டுப்புடவை, சர்டிபிகேட் ஃபைல், செருப்பு எல்லாம் பூத்துவிட்டன. வருடா வருடம் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவிப் பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த ஆனியில் திரும்பவும் வந்துவிடுகிறது. மகளுக்கு இரவில் இழுப்பு வருகிறது. கொரோனா நேரத்தில் சொன்ன கறுப்புப் பூஞ்சை இதுதானோ என்று மாமியார் பயப்படுகிறார். உள்சுவர் எல்லாவற்றுக்கும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு கான்ட்ராக்டர் 85,000 ரூபாய் கேட்கிறார். மொட்டை மாடிக்கு மேல் ஷீட் போட்டால் போதும் என்கிறார் அண்ணன். பக்கத்திலேயே இருக்கும் மாமனாரின் பழைய ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை இல்லையே, ஏன்? என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 85,000 ரூபாயை இப்போது கொடுக்காதீர்கள். முன்பணம்கூட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் மகளைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்றைக்கே அவளுடைய படுக்கையை மாற்றுங்கள். பின்பக்க அறையும் வேண்டாம், ஏ.சி. அறையும் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முன்னறையில் கறை இருப்பது ஒரு மூலையில் மட்டும்தான். அதற்கு எதிர்ப்பக்கம், ஜன்னலை ஒட்டி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் கட்டிலைப் போடலாம். பூத்துப்போன மெத்தை, தலையணை எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகியவை அதிகம் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்காக உங்கள் மகளுக்கு இழுப்பு வருவது இந்தச் சுவரால்தான் என்று நான் முடிவு கட்ட முடியாது. நான் கட்டட என்ஜினியர், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது சுவரின் படத்தை போனில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எந்த மாதங்களில் இழுப்பு கூடுகிறது, வெளியூர் போய்த் தங்கினால் குறைகிறதா என்பதையும் சொல்லுங்கள். மருந்து எழுத அவருக்கு அது உதவும். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலமானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். 2021-இல் நம்மை நடுங்க வைத்த நோய் வேறு. அதை உண்டாக்குவது மியூகோரேல்ஸ் என்ற இனத்துப் பூஞ்சைகள். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் உள்ளவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்கள் ஆகியோரைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. பாதிக்கப்பட்ட சதை செத்துக் கறுப்பதால் அந்தப் பெயர் வந்தது. சுவரில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வகைகள். இவை ஒவ்வாமையையும் இழுப்பையும் தூண்டலாமே தவிர, சுவரைத் தொட்டதால் அந்த நோய் வந்துவிடாது. இதை மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அவருக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால், சுத்தம் செய்யும் வேலையில் அவரைச் சேர்க்க வேண்டாம். என்ன வகைப் பூஞ்சை என்று கண்டுபிடிக்கச் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அதுவும் தேவையில்லை. எந்த வகையானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

இனி வீட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. மூன்று இடங்களைச் சொல்லியிருக்கிறீர்கள், மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன. இடுப்பு உயரத்துக்கு உப்பி உதிர்வது மண்ணிலிருந்து வரும் ஈரம். கூரை மூலையில் பழுப்புக் கறை மேலேயிருந்து இறங்கும் மழைநீர். அலமாரிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக வருவது காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் வந்து படிவது. மூன்று தண்ணீர், மூன்று வழி. ஒரே பெயிண்டை எல்லா உள்சுவருக்கும் அடிப்பதால் இவற்றில் ஒரு வழிகூட அடைபடாது.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கின்றன, என் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றுக்குத் தீனியும் குறைவில்லை: தூசி, பெயிண்டில் உள்ள பசை, மரம், காகிதம், தோல், துணி, எது கிடைத்தாலும் போதும். நம்முடைய ஊர் வெப்பமும் அவற்றுக்கு ஏற்றது. நம் கையில் இருப்பது தண்ணீர் மட்டும்தான். சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள் நீடித்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், சுவர் நனைந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. நன்றாக உலராத ஷீட் பூத்துவிடும், புகையில் போட்டு முழுக்க உலர்த்தினால்தான் நிற்கும். மேலே எதையாவது பூசி ஈர ஷீட்டைக் காப்பாற்ற யாரும் நினைப்பதில்லை. சுவரும் அப்படித்தான்.

மூன்றில் எனக்கு அதிகக் கவலை தருவது பின்சுவர். மலைச்சரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை, களியல், அருமனை வட்டாரத்தில் நான் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலானவை தட்டு வெட்டிக் கட்டியவை. வெட்டும்போது பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் இடம் விட்டிருப்பார்கள். சில வருட மழையில் மேட்டு மண் சரிந்து அந்த இடம் தூர்ந்துவிடும். மேலே இலைதழை மக்கும். கடைசியில் அறையின் தரைமட்டத்தைவிட வெளியே மண்மட்டம் ஒரு முழம் உயரமாக இருக்கும். மேல்தட்டில் பெய்த மழை மண்ணுக்குள் ஊறி நேராக உங்கள் சுவரைத் தேடி வரும். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்கப் போடும் டி.பி.சி. தட்டு நன்றாகவே இருந்தாலும், மண் அதற்கு மேலே சாய்ந்து கிடந்தால் அதனால் பயனில்லை. முதல் சில வருடம் எதுவும் இல்லாமல் மூன்று வருடமாகத்தான் தொல்லை என்கிறீர்களே, அது இதற்குப் பொருந்துகிறது. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். நான் சொல்வது சரியா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

வெள்ளையாக உதிர்வது பூஞ்சை இல்லை, உப்பு. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் மேலே வருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு சுவரின் முகத்தில் நின்றுவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள், உப்பு கரைந்து மறையும், பூஞ்சை கரையாமல் அழுக்காக இழுபடும். மண்ணிலிருந்து ஏறும் ஓதம் சாதாரணமாக மூன்று அடி, மூன்றரை அடிக்கு மேல் போவதில்லை. உங்கள் இடுப்பளவுக் கணக்கும் அதுதான்.

இந்தச் சுவரின் உள்பக்கம் தண்ணீர் புகாத பெயிண்டை அடித்தால் என்ன ஆகும்? தண்ணீர் வரும் வழி வெளியே திறந்தே இருக்கிறது. வெளியேறும் வழியை மட்டும் நாம் அடைக்கிறோம். தண்ணீர் சுவருக்குள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் பெயிண்ட் தோல் தோலாக உரியும். சிலர் நான்கு அடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பார்கள். ஐந்தாவது அடியில் ஈரம் தெரியும், டைல்ஸுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்களிடம் 85,000 ரூபாய் கேட்டவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாரா? மாடி ஏறினாரா? இரண்டும் இல்லாமல் சதுர அடிக் கணக்குப் போட்டிருந்தால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதற்கு உண்மையான வேலை வெளியே இருக்கிறது. சுவரை ஒட்டிய மண்ணை எடுத்து, வெளித்தரை அறையின் டி.பி.சி. மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கும்படி செய்ய வேண்டும். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகும் அகலத்துக்கு இடம் வேண்டும். அதில் சரிவாக ஓர் ஓடை கட்டி மழைநீரை வீட்டின் பக்கவாட்டில் வெளியே விட வேண்டும். மேடு உயரமாக இருந்தால் தடுப்புச் சுவர் தேவைப்படும். அந்தச் சுவரில் தண்ணீர் வடியத் துளைக்குழாய் வைக்காமல் கட்டினால் பின்னால் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். தயவுசெய்து இந்த மழையில் மண்ணைத் தொடாதீர்கள். ஊறிய மேட்டின் அடியைத் தோண்டினால் மேடே இறங்கி வரும். 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டம் எப்படித் தத்தளித்தது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆளைக் கூப்பிட்டு ஒரே நாளில் வெட்டச் சொல்லி உறவினர்கள் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள். மழை விட்டு, மண் காய்ந்த பிறகு, ஓர் என்ஜினியரை நேரில் கூட்டிவந்து மேட்டைக் காட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு: மேல்தட்டிலிருந்து வழிந்து வரும் மழைநீரை மேட்டின் தலைமாட்டிலேயே ஒரு சின்ன வாய்க்கால் கிழித்து வேறு பக்கம் திருப்பலாம். திருப்பிய தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

முன்னறைக் கூரை மூலைக்கு இத்தனை பேச வேண்டியதில்லை. மழை விட்ட ஒரு நாளில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். ரப்பர் இலை அடைத்த மழைநீர்க் குழாய், அதனால் ஒரு மூலையில் தேங்கிய தண்ணீர், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல், இந்த மூன்றில் ஒன்று இருக்கும். குழாயை இன்றைக்கே சுத்தம் செய்யலாம். விரிசலைக் காய்ந்த நாளில் வெட்டித் திறந்து, நெகிழ்வான சீலன்ட் அடைத்து, மேலே ஓரமாகச் சரிவுப் பூச்சு கொடுப்பார்கள். தண்ணீர்த் தொட்டி அந்த மூலைக்கு மேலேதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்டி நிரம்பி வழிவதும், குழாய் இணைப்பில் சொட்டுவதும் மழை இல்லாத நாளிலும் கறையை வளர்க்கும். கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டை உடைக்கும், அது தலையில் விழும் அபாயம்.

அடுத்தது ஏ.சி. அறை. நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி இங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்த ஒரு பரப்பைத் தொட்டாலே தண்ணீராகப் படியத் தொடங்கும். நீங்கள் ஏ.சி.யை 20-இலோ 22-இலோ வைத்திருந்தால் இரவு முழுக்கச் சுவர் குளிர்ந்திருக்கும். காலையில் ஏ.சி.யை நிறுத்திய கையோடு நல்ல காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறப்பீர்கள். வெளியே இருக்கிற ஈரக்காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த சுவரில் படியும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரம்தான், ஆனால் தினமும். அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் அது உலரவே உலராது. புள்ளிகள் அங்கே மட்டும் வந்ததற்குக் காரணம் அதுதான். நல்லெண்ணத்தோடு செய்கிற வேலைதான் இங்கே கெடுதலாகிறது, அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஏ.சி.யை 26-இல் வையுங்கள், கூடவே மின்விசிறியையும் ஓட விடுங்கள். ரிமோட்டில் 'டிரை' என்று ஒரு வசதி இருக்கும், மழை நாளில் அதைப் பயன்படுத்தலாம். காலையில் நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம் மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, அறை வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு ஜன்னலைத் திறங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். மாற்ற இடமில்லை என்றால் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது இழுத்துப் போடுங்கள். சின்ன அறைக்குப் பெரிய ஏ.சி. வைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். அறை சட்டென்று குளிர்ந்து எந்திரம் நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது.

காற்றில் இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வருவது ஒரு பங்கு. மழை நாளில் வீட்டுக்குள் துணி காயப் போடுகிறோமே, பிழிந்த துணியிலிருந்து போகும் தண்ணீர் முழுக்க வீட்டுக் காற்றில்தான் கலக்கிறது. ஒரு வாளித் துணி என்றால் லிட்டர் கணக்கு. சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் அதிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். அரிசி வேகும் ஆவி, குளியலறை ஆவி எல்லாம் அதற்கு மேல். ஆகவே அடுக்களையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் மின்விசிறி வையுங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகு அரை மணி நேரமும் அது ஓடட்டும். துணியைப் பின் வராந்தாவில் காயப் போடுங்கள். படுக்கையறையில் கொடி கட்ட வேண்டாம். ரப்பர் ஷீட்டை உலரத் தொங்கவிடுகிற பழக்கம் வீட்டுக்குள் இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி ஏ.சி. அறையில் வையுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் நல்லது. நம் ஊர் மழையில் 60 எப்போதும் கிடைக்காது, 70-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே வித்தியாசம் தெரியும்.

சுத்தம் செய்வது எப்படி என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். மகளையும் மாமியாரையும் அந்த நேரம் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி நின்றிருக்கட்டும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து எடுத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு சுவரை உலர்த்துங்கள். மூன்று அடிக்கு மூன்று அடி அளவு வரைக்கும் இப்படி நீங்களே செய்யலாம். உப்புப் பூத்த பின்சுவருக்கு மட்டும் தண்ணீர் வேண்டாம். உப்பை மெல்லச் சுரண்டி முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள், கழுவினால் அது திரும்பச் சுவருக்குள்ளேயே போகும்.

பிளீச்சிங் பவுடரை இனி நிறுத்திவிடலாம். அது கறையின் நிறத்தை வெளுக்கிறது, அதனால் போய்விட்டது போலத் தெரிகிறது. பூச்சுக்குள் ஊன்றியது அங்கேயே இருக்கும், நீங்கள் ஊற்றிய தண்ணீர் கூடுதல் ஈரமாகிறது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் கொல்வதைவிடத் துடைத்து அகற்றுவதுதான் உங்கள் மகளுக்கு உதவும். முக்கியமாக, பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. இழுப்பு உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் அந்த நெடி இல்லாமல் இருப்பதே நல்லது.

பஞ்சு மெத்தை பூத்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு எறிந்துவிடுங்கள், வெயிலில் போட்டாலும் உள்ளே இருப்பது போகாது. பட்டுப்புடவையை வெளியே நிழலில் விரித்து உலர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டிரை வாஷுக்குக் கொடுங்கள். சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நிழல் காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு லேமினேட் செய்துவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு இறுக்கமாக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அலமாரிக்குள் பாச்சை உருண்டை போடுவது பூச்சிக்குத்தான், ஈரத்தை அது குறைக்காது. குழந்தையின் மூச்சுக்கும் அது ஆகாது.

மாமனாரின் ஓட்டு வீட்டைப் பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வீட்டில் மழை புகாமல் இல்லை, புகுந்த ஈரம் தங்காமல் போனது. ஓட்டு இடுக்கில் காற்று ஓடும். கூரை விளிம்பு அகலமாக வெளியே இறங்கி நிற்பதால் மழைச் சாரல் சுவரில் அடிக்காது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கினாலும் திரும்ப வெளியே விட்டுவிடும். புதிய சுண்ணாம்பின் காரம் பூஞ்சைக்கு ஆகாது, அதனால்தான் வருடம் ஒருமுறை வெள்ளையடித்தார்கள். அடுக்களையில் விறகு எரிந்த சூடு மழைக்காலம் முழுக்க வீட்டை உலர்த்திக்கொண்டே இருந்தது. தக்கலைக்கு வந்தால் பத்மநாபபுரம் அரண்மனையை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். செங்குத்தான ஓட்டுக் கூரை, இறங்கி நிற்கும் இறவாரம், மரச்சட்டங்களுக்கு நடுவில் காற்று நுழையும் ஜன்னல்கள், எல்லாமே இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊருக்காக யோசித்தவை. நாம் சதுரப் பெட்டியாகக் காங்கிரீட் வீடு கட்டி, சன்ஷேடைக் குறுக்கி, ரப்பர் போன்ற பெயிண்டால் மூடி, ஜன்னலையும் அடைத்து வைக்கிறோம். அதற்காக ஓட்டு வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. பின்சுவரின் உள்பூச்சைத் திரும்பப் பூசும்போது மட்டும் சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்புக் கலவை பூசச் சொல்கிறேன். தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. பழைய கோயில், பழைய வீட்டு வேலை செய்கிறவர்களிடம் விசாரியுங்கள்.

எப்போது எதைச் செய்வது என்று பார்ப்போம். இப்போது ஐப்பசி. கார்த்திகை முடியும் வரை மழையை எதிர்பார்க்கத்தான் வேண்டும், மார்கழியிலும் வரலாம், 2023 டிசம்பரில் வந்ததே. ஆகவே தை பிறக்கும் வரை மகளின் இடமாற்றம், சுத்தம், ஏ.சி. பழக்கம், எக்ஸாஸ்ட் மின்விசிறி, மாடிக் குழாய், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. தை மாதத்தில் பின்பக்க மண், ஓடை, மாடி விரிசல். அதே நேரத்தில் பின்சுவரின் உள்பூச்சை, ஈரக்கோட்டுக்கு மேல் ஓர் அடி சேர்த்துக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, விருந்தாளி வந்தால் சங்கடமாகவும் இருக்கும். ஆனாலும் விடுங்கள். ஓர் அங்குலக் கனம் உலர ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் முழுக்க உலர நம்முடைய வறண்ட மாதங்கள் போதாது. இருந்தாலும் தை, மாசி, பங்குனி வெயிலிலும் காற்றிலும் கணிசமாக உலரும். பங்குனிக் கடைசியில் சுண்ணாம்பு பூசலாம். அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள், பளபளப்பான எமல்ஷன் வேண்டாம். அடுத்த ஆனி, ஆடி மழையைப் பார்த்துவிட்டு, சுவர் காய்ந்தே இருக்கிறது என்றால் பிறகு உங்கள் விருப்பம்.

பணம் அனுப்புகிற கணவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கும், அந்தத் தவிப்பில்தான் இதுபோன்ற பெயிண்ட் வேலைகளுக்குப் பணம் போகிறது. தடுப்புச் சுவர் தேவையா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் மொத்தச் செலவு. அதைப் பார்க்காமல் நான் ஒரு தொகை சொன்னால் சரியாக இருக்காது.

கடைசியாக, அண்ணன் சொல்லும் ஷீட். மாடிக்கு மேல் கம்பிச் சட்டம் கட்டி ஷீட் போட்டால் கூரைக் கசிவு நிற்கும், கோடையில் வெப்பமும் குறையும், மழை நாளில் துணி காயப் போடவும் இடம் கிடைக்கும். அந்த அளவில் அவர் சொல்வது நல்ல யோசனைதான். பின்சுவருக்கும் ஏ.சி. அறைக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. எனவே வரிசையில் அதைக் கடைசியில் வையுங்கள், மண் வேலை முடிந்து பணம் மிஞ்சினால் போடலாம். போடும்போது சட்டத்தின் கால்களைக் கைப்பிடிச் சுவரில் வெறுமனே செருகி நிறுத்த விடாதீர்கள். தூண்களோடு சேர்த்துப் போல்ட் முடுக்கச் சொல்லுங்கள். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை கூரைகள் பறந்தன என்று அண்ணனுக்கும் நினைவிருக்கும். ஷீட்டிலிருந்து வழியும் தண்ணீருக்கு ஓரத்தில் தூம்பு வைத்து, குழாய் வழியாகப் புதிதாகக் கட்டும் ஓடையில் கொண்டுவந்து விடுங்கள். பின்பக்க மேட்டில் மட்டும் விழ விடாதீர்கள்.